அரக்கு வைத்த ரகசியமும் ஓர் அவித்த முட்டையும்

நான் வேலை பார்த்த சிறையில் இப்போது எச்.ஐ.வி. பரிசோதனைக்கும் ஆலோசனைக்கும் தனியாக ஓர் அறை கட்டியிருக்கிறார்களாம். மின்விசிறி, பூட்டுப் போட்ட அலமாரி, சுவரில் சிரிக்கும் குடும்பத்தின் படம், எல்லாம் உண்டாம். அங்கே ஆலோசகராக இருக்கும் பெண் போன் செய்து, "சார், திறப்பு விழாவுக்கு மலர் போடறோம். உங்க காலத்துல ரகசியத்தை எப்படிக் காப்பாத்தினீங்கன்னு ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க" என்று கேட்டார். நல்ல பெண். குரலில் மரியாதை இருந்தது. நாங்கள் ரகசியம் காப்பாற்றிய அழகு தெரிந்திருந்தால் அந்த மரியாதை இருந்திருக்காது.

எழுதுகிறேன். ஆனால் எந்தச் சிறை என்று சொல்லப் போவதில்லை. செங்கல்பட்டு வட்டாரத்தில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். மதிலும் மணியும் எல்லாச் சிறைக்கும் ஒன்றுதான்.

நான் சிங்கப்பெருமாள் கோயில்காரன். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். மருந்தாளுநர் டிப்ளமா முடித்துவிட்டு, செய்யூர் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொஞ்ச காலம் இருமல் மருந்து ஊற்றிக்கொண்டிருந்தேன். அப்புறம் சிறைக்குப் போட்டார்கள். வேறு யாரும் போக ஒப்புக்கொள்ளாததால் அந்த இடம் எனக்காகக் காலியாக இருந்தது. என் மருந்தகத்துக்கு ஒரு ஜன்னல், அதில் கம்பி. கம்பிக்கு உள்ளே நான், வெளியே கைதி. புதிதாக வருகிறவர்கள் பார்த்தால் யார் தண்டனை அனுபவிக்கிறவன் என்று ஒரு நிமிஷம் குழம்புவார்கள். எங்களுக்கென்று தனி டாக்டர் கிடையாது. வாரத்துக்கு ஒருமுறை வெளியிலிருந்து ஒருவர் வருவார், கையெழுத்துப் போடுவார், போவார். மீதி ஆறு நாளும் நான்தான் டாக்டர், நர்ஸ், லேப், கம்பவுண்டர். கைதிகள் என்னை "டாக்டரே" என்பார்கள். நானும் மறுத்ததில்லை.

முதல் ஆள் வந்தது தொண்ணூறுகளின் நடுவில். பெரியாஸ்பத்திரிக்குக் காய்ச்சலென்று அனுப்பிய ஒருவன், நோயின் பெயர் எழுதிய சீட்டோடு திரும்பி வந்தான். அன்றைக்கு எங்கள் வளாகம் பட்ட பாடு, ஜெயில் உடைந்து நூறு பேர் ஓடியிருந்தால்கூடப் பட்டிருக்காது. அவனைத் தனி அறையில் போட்டோம். அறையைச் சுற்றி பிளீச்சிங் பவுடரைக் கோலமாவு போலத் தூவினோம். சாப்பாட்டுத் தட்டை ஒட்டடைக் கம்பால் தள்ளி உள்ளே அனுப்பினார்கள். நான் மட்டும் என்ன யோக்கியன்? மாத்திரையைச் செய்தித்தாளில் பொட்டலம் கட்டி, அவன் அறை ஜன்னல் வழியாக உள்ளே வீசினேன். டிப்ளமா படித்தவன் நான். தொட்டால் ஒட்டாது என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன்.

அதே சமயத்தில் எங்கள் சிறையில் முடிவெட்டும் கைதி ஒருவன் இருந்தான். ஞாயிற்றுக்கிழமை காலை வேப்பமரத்தடியில் வரிசையாக நாற்பது பேருக்குச் சவரம் செய்வான். நாற்பது கன்னத்துக்கும் ஒரே பிளேடு. ரத்தம் வந்தால் படிகாரக் கட்டியைத் தேய்ப்பான். அந்தக் கட்டியும் ஒன்றுதான். தட்டைத் தள்ள ஆறடிக் கம்பு தேடியவர்களில் ஒருத்தருக்கும், என்னையும் சேர்த்துத்தான், அந்த பிளேடு கண்ணில் படவில்லை. தனி அறையில் இருந்தவன் ஆறு மாதத்தில் செத்துப்போனான். அவன் தட்டை மதிலோரம் குழி வெட்டிப் புதைத்தோம். பிளேடு அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வேலை செய்தது.

அப்புறம் விழிப்புணர்வு வந்தது. எங்கள் ஊரில் அது மாமல்லபுரம் கடற்கரை ஓட்டல் வழியாகத்தான் வந்தது. சிறை அலுவலர்களுக்கு மூன்று நாள் பயிற்சி. அலைச்சத்தம் கேட்கும் குளிர்சாதன அறை. காலையில் நோயைப் பற்றிப் பேச்சு, மதியம் வஞ்சிர மீன், சாயங்காலம் கடற்கரையில் நின்று குரூப் போட்டோ. இரண்டாம் நாள் சென்னையிலிருந்து வந்திருந்த ஒரு பெண், கொஞ்சமும் கூச்சப்படாமல் ஒரு வாழைப்பழத்தை எடுத்து ஆணுறை மாட்டிக் காட்டினார். அறையில் இருந்த எழுபது காக்கிச்சட்டைகளும் கூரையில் ஏதோ எழுதியிருப்பதுபோல அண்ணாந்து பார்த்தார்கள். "கேள்வி ஏதாவது?" என்றார் அந்தப் பெண். எங்கள் சூப்பிரண்டு எழுந்தார்.

"எங்க சிறையில ஆண்கள் மட்டும்தான் இருக்காங்க. ஆகையால இந்தப் பொருளுக்கு அங்க வேலை கிடையாது" என்றார்.

கைதட்டல் விழுந்தது. அந்தப் பெண் மேஜைமேல் இருந்த வாழைப்பழத்தைப் பையில் எடுத்து வைத்துக்கொண்டார். இருந்தாலும் எல்லாச் சிறைக்கும் இரண்டு பெட்டி ஆணுறை அனுப்பி வைத்தார்கள். அதை வாங்கியதும் சூப்பிரண்டு ஸ்டோரில் வைத்துப் பூட்டிச் சாவியைத் தன் மேஜை டிராயரில் போட்டுக்கொண்டார். "சிறையில் அந்தச் செயல் நடைபெறுவதில்லை" என்று ஒரு சான்றும் எழுதி அனுப்பினார். நடைபெறாத அந்தச் செயலுக்காக எங்கள் பிளாக்குகளில் வாரம் இரண்டு அடிதடி நடக்கும். மண்டை உடைந்தவர்களுக்குக் கட்டுப் போடுகிறவன் நான்தான்.

சூப்பிரண்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். கெட்டவர் இல்லை. காசுக்குக் கைநீட்ட மாட்டார், கைதியை அடிக்க விடமாட்டார். நெற்றியில் விபூதி கலைந்து நான் பார்த்ததில்லை. அந்த நோயின் பெயரை மட்டும் வாயால் சொல்ல மாட்டார். "அது" என்பார். "அது வந்தவன்", "அதுக்கு மருந்து", "அது சம்பந்தமான கடிதம்." மூன்று நாள் பயிற்சியில் அவர் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டது ஒரே வரி: ரகசியம் காத்தல். அடியில் இரண்டு கோடு போட்டிருந்தார். மற்றதெல்லாம் வஞ்சிர மீனோடு போய்விட்டது. இது மட்டும் அவர் மனசில் ஆணி அடித்தமாதிரி தங்கிவிட்டது.

இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருஷம் ஆனபிறகு எங்கள் சிறையில் பரிசோதனை முகாம் போட்டார்கள். வந்த ஆலோசகர், ஒவ்வொருவரையும் தனியாக உட்கார வைத்துப் பேச வேண்டும், சம்மதம் கேட்க வேண்டும், முடிவு வந்ததும் மறுபடி தனியாகக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்றார். எங்கள் முறையில் அது இப்படி நடந்தது: நாற்பது நாற்பது பேராக முற்றத்தில் குந்தவைத்து, "எல்லாருக்கும் சம்மதந்தானே?" என்று ஏட்டு கேட்டார். கையில் லத்தி இருந்தது. எல்லாருக்கும் சம்மதம். பெருவிரல் ரேகை வாங்கி, ரத்தம் எடுத்து அனுப்பினோம்.

இரண்டு வாரம் கழித்து முடிவுகள் ஒரு பழுப்புக் கவரில் வந்தன. சூப்பிரண்டு என்னை அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். கவர் மேஜையில் இருந்தது. அவர் நாற்காலியை ஒரு முழம் பின்னால் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்.

"நீயே பிரிய்யா. நான் தொடலை" என்றார்.

காகிதம் மூலமாகவும் அது வரக்கூடும் என்பது அவர் சந்தேகம். நான் பிரித்தேன். ஐந்து பேர் பெயர் இருந்தது. ஒரு புதுப் பதிவேட்டில் எழுதச் சொன்னார், எழுதினேன். பதிவேட்டுக்குச் சிவப்பு அட்டை போட்டு, மேலே கொட்டை எழுத்தில் "மிக ரகசியம்" என்று எழுதச் சொன்னார், எழுதினேன். காகிதத்தையும் பதிவேட்டையும் நான் ஒரு புதுக் கவரில் போட்டு ஒட்டியபிறகு ஆரம்பித்தது அரக்கு வேலை. இந்த மனிதர் அரக்கு வைக்கும் அழகை நாளெல்லாம் பார்க்கலாம். மெழுகுவர்த்தியை ஏற்றுவார். அரக்குக் குச்சியைச் சுடரில் காட்டாமல் சுடருக்குப் பக்கத்தில் காட்டுவார், கறுத்துவிடக் கூடாதாம். ஒவ்வொரு சொட்டும் கவரின் மடிப்பில் சரியாக விழும். ஐந்து இடம். முத்திரையை எச்சில் தொட்டு ஈரமாக்கி, ஒவ்வொன்றாக அழுத்தி, பத்து எண்ணி எடுப்பார். பிறகு குழந்தைக்குப் பால் ஆற்றுகிற மாதிரி ஊதுவார். அதை இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார்.

"ஐயா, அந்த அஞ்சு பேருக்கு எப்போ சொல்றது?" என்றேன்.

"யாருக்கு?"

"அந்த அஞ்சு பேருக்குத்தான் ஐயா."

அவர் என்னை, பாடம் கவனிக்காத பையனைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். "ரகசியம்னா என்னய்யா? யாருக்கும் தெரியக் கூடாது. 'யாருக்கும்'னா அதுல அவங்களும் வரமாட்டாங்களா?"

ஆலோசகர் முடிவு சொல்ல வந்தபோது, தலைமையிடத்து அனுமதிக் கடிதம் இல்லாமல் உள்ளே விடமுடியாது என்று சூப்பிரண்டு அவரை வாசலிலேயே திருப்பி அனுப்பினார். நான் பேசாமல் இருந்தேன். அரசாங்க வேலையில் பேசாமல் இருப்பதற்குத் தனியாகப் பயிற்சி வேண்டியதில்லை.

இது இதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அடுத்த வாரம் ஓர் உத்தரவு வந்தது: பாதிக்கப்பட்டவர்களுக்குச் சத்துணவு கொடுக்க வேண்டும். தினமும் ஒரு அவித்த முட்டை, ஒரு டம்ளர் பால், நாலு துண்டு ரொட்டி. சூப்பிரண்டு உத்தரவென்றால் உயிரை விடுவார். யார் யாருக்கு என்று என்னைப் பட்டியல் எழுதச் சொன்னார். தலைப்பில் "ரகசிய உணவுப் பட்டியல்" என்று போடச் சொன்னார். அது போய் எங்கே ஒட்டப்பட்டது என்கிறீர்கள்? சமையல்கூடச் சுவரில். உப்பு டின்னுக்கு மேலே, பெரிய எழுத்தில், ஐந்து பெயர்.

சமையல்கூடத்துத் தலைமைக் கைதி தாமோதரன். சங்கிலி அறுத்த கேஸ். எட்டாவது வரை படித்தவன்; ரத்தம் எடுத்ததையும் முட்டையையும் கூட்டிப் பார்க்க அது போதும். அன்றைக்குச் சாயங்காலம் அடைப்புக்கு முன்னால் சிறை முழுக்க விஷயம் தெரிந்துவிட்டது. மதிலுக்கு வெளியே டீக்கடைக்கும் தெரிந்தது. தெரியாதவர்கள் ஐந்தே பேர். முட்டை தின்றவர்கள்.

அந்த ஐந்து பேரில் மூன்று பேர் அடுத்தடுத்து ஜாமீனில் போனார்கள். பாலும் முட்டையும் சாப்பிட்டுக் கன்னம் பூரித்திருந்தார்கள். ஒருவன் வாசலில் என் கையைப் பிடித்து, "ஜெயில்ல இம்மா நல்லா பாத்துப்பீங்கன்னு நெனக்கல டாக்டரே" என்றான். நான் சிரித்தேன். அவனுக்கு வீட்டில் மனைவி இருந்தாள். அப்புறம் என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் முயற்சி செய்யவில்லை, அதுதான் உண்மை. ஒருவனைக் கோர்ட்டு வேறு சிறைக்கு மாற்றியது. மிஞ்சியவன் ஏழுமலை.

ஏழுமலை மாமல்லபுரத்தில் சுற்றுலா வேன் ஓட்டியவன். கோயில் பக்கத்து நிறுத்துமிடத்தில் சவாரித் தகராறில் இன்னொரு டிரைவரை ஜாக்கி லீவரால் அடித்துவிட்டு உள்ளே வந்திருந்தான். ஜாமீன் கிடைத்தும், கையெழுத்துப் போட இரண்டு ஜாமீன்தாரர் கிடைக்காமல் கிடந்தான். முட்டை ஏன் வருகிறது என்பதற்கு அவனே ஒரு காரணம் வைத்திருந்தான். முன்னொரு காலத்தில் சூப்பிரண்டின் சொந்தக்காரர்களை வேனில் ஏற்றிக்கொண்டு ஐந்து ரதமும் கடற்கரைக் கோயிலும் சுற்றிக் காட்டினானாம். "ஐயா மறக்கல பாரேன். பெரிய மனுசன் பெரிய மனுசன்தான்" என்று பிளாக்கில் சொல்லிக்கொண்டு திரிந்தான். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். ஒருவனும் மறுத்துச் சொல்லவில்லை. சிரிக்கவும் இல்லை.

ஒருநாள் என் ஜன்னலுக்கு வந்தான். கையில் ஒரு துணி முடிச்சு. அவிழ்த்தால் அன்றைய முட்டை.

"டாக்டரே, ஒரு ஒதவி. நாளிக்கி எங்கூட்டுக்காரி மனு பாக்க வர்றா. இத்த அவளாண்ட குடுத்துட முடியுமா?"

சிறையில் பார்வையாளரைச் சந்திப்பதற்கு மனு என்று பெயர்.

"முட்டையெல்லாம் வெளியே குடுக்கக் கூடாதுய்யா. நீ சாப்பிடு" என்றேன்.

"இல்ல டாக்டரே. நான் தின்னு தின்னு இன்னா ஆவப்போவுது? அவ புள்ளத்தாச்சி. மூணு மாசம் கழிஞ்சி நாலாவது நடக்குது. நம்ம ஐயா பாசத்துல குடுக்கறாரு, அது அவ வவுத்துக்குப் போனா நல்லதுதானே?"

நான் முட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிள்ளைப்பேறு மருந்து அப்போது பெரியாஸ்பத்திரியில் வந்திருந்தது. தாய்க்கு நோய் இருந்தாலும், வலி எடுத்ததும் அவளுக்கு ஒரு மாத்திரை, பிறந்த குழந்தைக்கு மூன்று நாளுக்குள் கொஞ்சம் சொட்டு மருந்து. அவ்வளவுதான். பெரும்பாலும் குழந்தை தப்பித்துவிடும். ஆனால் அவள் பரிசோதனைக்குப் போனால்தான். போவதற்கு அவளுக்குத் தெரிய வேண்டும். அவளுக்குத் தெரிய இவனுக்குத் தெரிய வேண்டும். இவனுக்குத் தெரியாமல் இருக்க ஐந்து இடத்தில் அரக்கு வைத்திருந்தோம்.

நேராக சூப்பிரண்டிடம் போனேன். சொன்னேன். அவர் முகம் நிஜமாகவே வாடியது. "பாவம்யா" என்றார். "உடனே நடவடிக்கை எடுக்கணும்" என்றும் சொன்னார். உடனே எடுத்த நடவடிக்கை, தலைமையிடத்துக்கு ஒரு கடிதம்: சிறைவாசி ஒருவரின் அது சம்பந்தமான முடிவை அந்தச் சிறைவாசிக்கே தெரிவிக்கலாமா என்பதற்குத் தெளிவுரை வேண்டும். கடிதத்துக்கும் அரக்கு வைத்தார். பதில் வர ஏழு வாரம். வந்த பதில்: "உரிய நடவடிக்கை எடுத்து அறிக்கை அனுப்பவும்." உரிய நடவடிக்கை எது என்று கேட்டு மறுபடி எழுதினார். மறுபடி ஐந்து வாரம்.

நான் என்ன செய்தேன்? நினைவூட்டுக் கடிதத்துக்கு வாசகம் எழுதிக் கொடுத்தேன். தினம் காலையில் பட்டியலில் அவன் பெயர் எழுதினேன். அவன் தினம் வந்து, "அஞ்சாவது மாசம் டாக்டரே", "ஆறு நடக்குது, ஒதைக்கிதாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். வாழ்த்துச் சொன்னேன். எனக்கும் மெமோ பயம் இருந்தது, பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயரும் இருந்தது. இதைச் சொல்லாமல் மற்றவர்களைக் கிண்டல் செய்தால் அது அயோக்கியத்தனம்.

எட்டாவது மாதம் பிறந்தபோது அவன் மனைவி கன்னியம்மாவை நானே பார்த்தேன். வாசலுக்கு வெளியே, மனு எழுதிக் கொடுத்துவிட்டு, ஒரு கையை இடுப்பில் ஊன்றி, வெயிலில் நின்றுகொண்டிருந்தாள். உட்கார இடம் இல்லை. வயிறு இறங்கியிருந்தது. அன்றைக்கு அவளைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள், ஏதோ ஆய்வு. மறுநாள் காலை ஏழுமலையைக் காலில் கட்டு மாற்ற வேண்டும் என்று வரவழைத்தேன். அவன் காலில் புண்ணே இல்லை. கூட வந்த காவலரை வெந்நீர் கொண்டுவர அனுப்பிவிட்டுச் சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. மூன்று நிமிஷத்தில் வெந்நீர் வந்துவிடும்.

அவன் புண்ணில்லாத தன் காலைக் குனிந்து பார்த்தான். அப்புறம், "அப்போ அந்த முட்ட?" என்றான்.

"அதுக்குத்தான்."

"எல்லாருக்கும் தெரியுமா?"

"தெரியும்."

"தாமோதரனுக்கு?"

"அவன்தான் முட்டை அவிக்கிறான்."

என் சட்டையைப் பிடித்தான். இரண்டு கையாலும், கழுத்தோடு. அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். விட்டுவிட்டான். "புள்ளைக்கு?" என்றான். மாத்திரையைப் பற்றிச் சொன்னேன். அவளிடம் நான் வீட்டுக்கே போய்ச் சொல்லட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம். வேற ஆளு வந்து சொன்னா நான் செத்துட்டேன்னு நெனச்சிக்குவா. நான்தான் சொல்லணும்."

அவளைத் தனி அறையில் சந்திக்க ஒரு விண்ணப்பம் உண்டு. அதில் "காரணம்" என்று ஒரு கட்டம் இருக்கும். காரணம் எழுதினால் ரகசியம் போய்விடும் என்று சூப்பிரண்டு திருப்புவார். எழுதாவிட்டால் காரணம் இல்லை என்று ஜெயிலர் திருப்புவார். ஆகவே பொது மனுக்கூடம்தான்.

அந்தக் கூடத்தைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். இரண்டு கம்பி வலை, நடுவில் நாலடி இடைவெளி, அதில் ஒரு ஏட்டு நடைபோடுவார். இந்தப் பக்கம் இருபது கைதி, அந்தப் பக்கம் இருபது குடும்பம். எல்லாரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள். ஒருத்தர் கத்துவதால் மற்றவர் இன்னும் கத்த வேண்டும். வக்கீல், வாய்தா, வாடகை, மாமியார் சண்டை எல்லாம் ஒன்றாகக் கலந்து காதை அடைக்கும். மனுவுக்கு நேரம் கால் மணி. அடுத்த மனு நாளில் நான் மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, ஏதோ வேலை இருப்பதுபோல, கூடத்து வாசலில் போய் நின்றேன்.

ஏழுமலை வலையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னான். கன்னியம்மா காதில் கையை வைத்து, "கேக்கலய்யா! ஒரக்க பேசு!" என்றாள். அவன் இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னான். "கேக்கல!" அவன் வாயைத் திறந்தான், மூடினான். பக்கத்தில் இரண்டு தோள்கள் அவன் தோளை இடித்துக்கொண்டிருந்தன. ஐந்து நிமிஷம் போய்விட்டது. அவள், "இன்னாய்யா, ஒடம்பு சரியில்லியா? ஏன் அழுவுற?" என்று கத்தினாள்.

இரண்டு ஆள் தள்ளி தாமோதரன் தன் அக்காவிடம் வக்கீலைத் திட்டிக்கொண்டிருந்தான். சட்டென்று நிறுத்தினான். ஏழுமலையை ஒரு பார்வை பார்த்தான். அப்புறம் இரண்டு ஆள்காட்டி விரலையும் எடுத்துத் தன் இரண்டு காதிலும் விட்டுக்கொண்டு, வலைக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றான்.

அடுத்தவன் பார்த்தான். அவனும் காதை அடைத்துக்கொண்டு திரும்பினான். அப்புறம் அதற்கடுத்தவன். இந்தப் பக்கம் மொத்த வரிசையும் சுவரைப் பார்த்து நின்றது. திருடன், அடிதடி, கள்ளச்சாராயம், கொலை முயற்சி, எல்லாரும் காதில் விரலோடு. அந்தப் பக்கத்துப் பெண்களுக்கு ஒன்றும் புரியவில்லை. தாமோதரனின் அக்கா மட்டும் தம்பி முதுகைப் பார்த்துவிட்டு, முந்தானையைத் தலையோடு காதோடு சுற்றிக்கொண்டு திரும்பினாள். மற்றவர்களும் திரும்பினார்கள். நடுவில் ஏட்டு தனியாக நின்றார். அவருக்கும் பட்டியல் தெரியும். "தண்ணி குடிச்சிட்டு வரேன்" என்று யாரிடமோ சொல்லிவிட்டு வெளியே போனார்.

கூடத்தில் அப்படி ஓர் அமைதியை நான் முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. ஏழுமலை மெதுவாகப் பேசினான்.

"கன்னிம்மா. எனுக்கு அந்த எய்ட்ஸு நோவு கீதாம். ஒனுக்கும் வந்திருக்கும். நம்ம புள்ளைக்கு வராம பாத்துக்க மாத்திர கீதாம். நாளிக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போ. போயி ரத்தம் குடு."

நான் மட்டும் காதை அடைத்துக்கொள்ளவில்லை.

அவள் வலையில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றாள். பிறகு திட்ட ஆரம்பித்தாள். அவன் அப்பன், ஆத்தாள், அவன் ஓட்டிய வேன், அதில் ஏறிய சவாரி, ஒன்றையும் விடவில்லை. நாற்பது பேர் காதை அடைத்துக்கொண்டு நின்றதால் அவளுக்கு வசதியாகப் போயிற்று. அவன் தலையைக் குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டான். மூச்சு வாங்கி நின்றபிறகு கேட்டாள்:

"எந்த ரூமுக்குப் போவணும்?"

அவன் என் பக்கம் திரும்பினான். நான் அறை எண்ணைச் சொன்னேன். மணி அடித்தது. தாமோதரன் விரலை எடுத்துவிட்டுத் திரும்பி, "ஆங், வக்கீலு இன்னா சொன்னான்னு சொல்லிகினு இருந்த?" என்றான் அக்காவிடம், போகிற போக்கில்.

அன்று மாலையே சூப்பிரண்டுக்கு விஷயம் போய்விட்டது. மறுநாள் எனக்கு மெமோ. "அரசு ரகசியத்தை உரிய அனுமதியின்றி சம்பந்தப்பட்ட நபருக்கே வெளியிட்டது ஏன்?" என்று கேட்டிருந்தது. அவர் அதையும் கவரில் போட்டு, அரக்கு வைத்து, தன் கையாலேயே கொடுத்தார். "மனசுல வச்சுக்காதய்யா" என்றார். நான் நாலு பக்கம் பதில் எழுதினேன். விதி, துணைவிதி, பயிற்சிக் கையேடு எல்லாம் எடுத்துக் காட்டினேன். நன்றாக எழுதியிருந்தேன், இப்போது படித்தாலும் பெருமையாக இருக்கும். கண்டனம் என்று ஒரு தண்டனை கொடுத்தார்கள். பதவி உயர்வு மூன்று வருஷம் தள்ளிப் போயிற்று. சிறையில் என் மதிப்பு கூடியது. நானும் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.

கன்னியம்மாவுக்கும் நோய் இருந்தது. வலி எடுத்ததும் மாத்திரை கொடுத்தார்கள். பெண் குழந்தை, சொட்டு மருந்தும் கொடுத்தார்கள். ஏழுமலையும் பின்னால் ஜாமீன்தாரர் கிடைத்து வெளியே போனான். அரசாங்கம் இலவசமாக மாத்திரை கொடுக்க ஆரம்பித்ததும் போய்ச் சேர்ந்துகொண்டான். மறுபடி வேன் ஓட்டுகிறான் என்று கேள்விப்பட்டேன்.

குழந்தைக்கு ஒன்றரை வயசு தாண்டினால்தான் கடைசிப் பரிசோதனை. அது முடிந்த அன்றைக்கு, காலை பத்து மணி இருக்கும், வாசலில் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று சொன்னார்கள். போனேன். கன்னியம்மா. இடுப்பில் குழந்தை, கையில் காகிதம். நீட்டினாள். படித்தேன். குழந்தைக்கு நோய் இல்லை.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்கவும் இல்லை. இனி இவள் நன்றி சொல்வாள், நாம் என்ன சொல்லலாம் என்று மனசுக்குள் வார்த்தை தேட ஆரம்பித்துவிட்டேன்.

"சார், அவுரு ரிசல்ட்டு எப்ப வந்துச்சி?" என்றாள்.

"எதும்மா?"

"எங்கூட்டுக்காரர்து. மொதல்ல வந்தது."

அவளிடம் பொய் சொல்ல முடியவில்லை. "உனக்கு மூணாம் மாசம் இருக்கும்."

"அப்பவே ஒனுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எட்டாம் மாசந்தான அவராண்ட சொன்ன?"

"ஆமாம்."

அவள் குழந்தையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். கோபம் இல்லை. கணக்குப் புரியாத ஒருத்தி கேட்கிற மாதிரிதான் கேட்டாள்.

"எங்க அக்காளுக்கு மூத்தது ஏழாம் மாசமே பொறந்துட்சி சார். எனுக்கும் அப்டி ஆயிருந்தா?"

நான் காகிதத்தில் இருந்த தேதியை மறுபடி படித்தேன். அவள் என் கையிலிருந்த காகிதத்தைத் தானே எடுத்து, மடித்து, ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு, மாமல்லபுரம் பஸ் வந்துவிடும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.